அச்சாணியைத் தேடி

தேர்த் திருவிழாவுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தேரின் உயரத்தைச் சொல்வார்கள்; அலங்காரத்தைச் சொல்வார்கள்; வடம் பிடித்தவர்களின் ஆரவாரத்தைச் சொல்வார்கள். இடையில் ஞாபகம் வந்தால் சுவாமியைச் சேவித்ததையும் சொல்வார்கள். ஆனால் அச்சாணியைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னவரை நான் இது வரையில் சந்தித்ததில்லை. "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்துத்தான் இருக்கிறார்கள். சொன்னதோடு சரி, திரும்பிப் பார்ப்பவர் யார்?

இந்தப் பழமொழியைப் பள்ளிக்கூடத்தில் நான் எத்தனையோ தடவை காப்பி எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியது என்னவோ எழுபது வயதுக்கு மேல்தான். விளங்க வைத்தவன் என் அண்ணன் பேரன். விளங்க வைத்த பொருள், மூன்று சாக்கு மூட்டைகளுக்குள் கிடந்த ஒரு மோட்டார் சைக்கிள்.

மூட்டைக்குள் ஒரு வாகனம்

என் அண்ணன் 1964-ஆம் வருஷம் ஒரு 'புல்லட்' வாங்கினார். திருவொற்றியூரில் செய்த வண்டி. அண்ணிக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. அதன் பிறகு இருபத்தைந்து வருஷம், சாயங்காலம் தெருமுனையில் அந்த வண்டியின் 'டக், டக், டக்' என்ற சத்தம் கேட்டால், அண்ணி அடுப்பில் காபிக்கு வெந்நீர் வைத்துவிடுவாள். அந்த வீட்டில் கடிகாரத்தை யாரும் பார்த்ததில்லை.

1989-ஆம் வருஷம் ஒரு நாள் யந்திரத்தின் வயிற்றுக்குள் 'கட, கட'வென்று ஒரு புதுச் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் எல்லாச் சத்தமும் நின்று போயிற்று. ஒரு மெக்கானிக் வந்தார். கொல்லைப்புறத்தில் யந்திரத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார். "பெரிய வேலை" என்றார். சாமான் வாங்க முன்பணம் பெற்றுக்கொண்டு போனார். பிறகு வரவேயில்லை. அண்ணன் எல்லாவற்றையும் அள்ளிச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டார். 2009-இல் அண்ணன் காலமானார்.

சென்ற வருஷம் அந்தப் பழைய வீட்டை இடித்துக் கட்டுவதென்று முடிவாயிற்று. ஆனி மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பரண் சாமான்களைப் பழைய இரும்புக்காரரிடம் எடை போட்டுக் கொடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அப்போதுதான் பேரன் குறுக்கிட்டான்.

"பாட்டி! எனக்கு ஆறு மாதம் தவணை கொடு. வண்டியைப் பூட்டிக் காட்டுகிறேன்" என்றான்.

அண்ணி உடனே பதில் சொல்லவில்லை. "ஓட்ட வேண்டாம். வாசலில் நிறுத்தி ஒரு தரம் சத்தம் கேட்கும்படி செய்தால் போதும்" என்றாள்.

பையன் அன்றைக்கே சாக்கை அவிழ்த்தான். துணைக்கு நானும் போய் உட்கார்ந்தேன்.

ஊசி செய்த ஊர்

இந்த இடத்தில் வண்டியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பரம்பரைத் தொழில் ஊசி செய்வது. தையல் ஊசியும் தூண்டில் முள்ளும் செய்து உலகமெங்கும் அனுப்பிய ஊர் அது. ஜார்ஜ் டௌன்ஸெண்டு என்பவர் 1851-இல் அங்கே ஓர் ஊசி ஆலையை ஆரம்பித்தார். அந்த ஆலை நாளடைவில் சைக்கிள் உறுப்புகள் செய்யத் தொடங்கியது. பிறகு கை மாறியது. 1893-ஆம் வருஷ வாக்கில், என்பீல்டு என்ற ஊரிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுட்பமான சிறு உறுப்புகள் செய்து கொடுக்கும் ஒப்பந்தம் அதற்குக் கிடைத்தது. அந்தப் பெருமையை முன்னிட்டே தங்கள் சைக்கிள்களுக்கு 'ராயல் என்பீல்டு' என்று பெயர் வைத்தார்கள். 'துப்பாக்கியைப் போல் செய்தது' என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். 1901-இல் முதல் மோட்டார் சைக்கிள் வெளி வந்தது.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துப்பாக்கியைச் செய்ததால் வந்த பெயரல்ல இது. துப்பாக்கிக்கு வேண்டிய சிறு சிறு சாமான்களைச் செய்ததால் வந்த பெயர்!

1955-இல் ரெட்டிச் கம்பெனியாரும் 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' ஸ்தாபனத்தாரும் கூட்டுச் சேர்ந்து 'என்பீல்டு இந்தியா'வை ஏற்படுத்தினார்கள். சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் சீமையிலிருந்து வந்த உறுப்புகளை இங்கே பூட்டினார்கள். பின்னர் ஒவ்வொன்றாக நம்மவர்களே செய்யக் கற்றார்கள். 1960-ஆம் வருஷத்துக்குப் பின் சில ஆண்டுகளுக்குள்ளேயே வண்டி முழுவதும் நம் நாட்டுச் சரக்காகிவிட்டது. 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது; 1970-இல் இங்கிலாந்தில் அந்தத் தொழிலே அஸ்தமித்தது. திருவொற்றியூரில் மட்டும் சுடர் அணையவில்லை. 1977-இல் நம் ஊர்ப் புல்லட், பிறந்த ஊரான இங்கிலாந்துக்கே கப்பலேறியது. மருமகள் பிறந்தகத்துக்குச் சீர் கொண்டு போன மாதிரிதான்!

இல்லாதவற்றின் ஜாபிதா

கூடத்தில் பழைய பத்திரிகைகளை விரித்துச் சாக்கிலிருந்த எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பரப்பினோம். பார்ப்பதற்கு ஒன்றும் குறைவில்லை. சிலிண்டர் இருந்தது. தலைப்பாகம் இருந்தது. கிராங்க் உறையின் இரண்டு பாதிகளும் இருந்தன. பல் சக்கரங்கள் இருந்தன. 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் இருந்தது. அது மேலும் கீழும் 90 மில்லிமீட்டர் ஓடுவதனால் உண்டாகும் 346 கன சென்டிமீட்டர்தான் 'முந்நூற்றைம்பது' என்று வழங்குகிறது.

"எல்லாம் இருக்கிறதே! ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்" என்றேன் நான்.

பையன் சிரித்துவிட்டு, எங்கேயோ தேடிப் பிடித்திருந்த உறுப்புப் புஸ்தகத்தைப் பிரித்தான். தொழிற்சாலையார் வெளியிட்ட அந்தப் புஸ்தகத்தில், யந்திரம் காற்றில் வெடித்துச் சிதறி அப்படியே நின்றுவிட்டது போன்ற சித்திரங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆணிக்கும் ஒவ்வொரு வளையத்துக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே பெயர், ஒரு வண்டிக்கு எத்தனை வேண்டும் என்ற கணக்கு. சித்திரத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே அவன் நோட்டுப் புஸ்தகத்தில் இல்லாதவற்றை எழுதினான். இரவு பத்து மணிக்கு ஜாபிதா முடிந்தது. இருபத்தேழு வகை, மொத்தம் நாற்பத்து மூன்று உருப்படி.

அவற்றில் பெரும்பாலானவை சட்டைப் பைக்குள் அடங்குபவை. பிஸ்டனின் குறுக்கு ஊசி வெளியே நழுவாமல் தடுக்கும் கம்பி வளையங்கள் இரண்டு. வால்வின் கழுத்தைப் பிடிக்கும் பிளந்த கூம்புகள், பட்டறைப் பாஷையில் 'வால்வு லாக்'. சக்கரம் தண்டின்மேல் வழுக்காமல் நிறுத்தும் பிறைச்சந்திர வடிவமான 'கீ'. எண்ணெய்ப் பம்பின் சுருள்வில். வடிகட்டியின் மூடி. செம்பு வாசர்கள். இப்படியே போயிற்று.

இவை எங்கே போயின என்று யோசித்தேன். பெரிய உறுப்பு தொலைவதில்லை, காலில் இடறும். சிறியதை மெக்கானிக் ஒரு தகர டப்பாவில் போடுகிறார். டப்பா குழந்தை கையில் அகப்படுகிறது, பல்லாங்குழிக்குப் போகிறது. அல்லது சுவரில் படம் மாட்ட ஒரு திருகு வேண்டியிருக்கிறது; அதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். எங்கள் வீட்டிலேயே அண்ணன் படத்தைத் தாங்கிக்கொண்டிருந்த ஆணி, அவருடைய வண்டியின் திருகுதான் என்பது பிற்பாடு தெரிய வந்தது!

ஜாபிதா எழுதியதில் இன்னொரு லாபமும் உண்டு. பெயர் தெரியாத பொருளைக் கடைக்காரரிடம் கேட்க முடியாது. "இத்தனூண்டு இருக்குமே, உருண்டையாக" என்று கையால் காட்டினால் கடைக்காரர் நம்மைப் பரிதாபமாகத்தான் பார்ப்பார். எண்ணோடு போனால் மரியாதை நடக்கிறது.

ஆனால் புஸ்தகத்தில் ஒரு குறை இருந்தது. நடுவில் ஓர் ஏட்டைக் கரையான் தின்றிருந்தது. "அந்த ஏட்டில் இருப்பதெல்லாம் உறை மூடியும் அதன் திருகுகளுந்தான், பார்த்தாலே தெரிகிறது" என்று பையன் அதைப் பெரிதாக எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை.

இருபத்தாறு மரை

திருகு என்றால் திருகுதானே என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பழைய இங்கிலீஷ் யந்திரத்தின் பக்கம் போகக் கூடாது. அங்கே திருகுகளுக்குள் ஜாதிக் கட்டுப்பாடு உண்டு.

1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற யந்திர நிபுணர், நாட்டிலுள்ள திருகுகளெல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்று ஒரு திட்டம் வகுத்தார். மரையின் சரிவு 55 பாகை. அதற்கு முன்னால் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டப்படி மரை வெட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதே சரிவில் நெருக்கமான மரையொன்று வந்தது. சைக்கிள்காரர்களோ தங்களுக்கென்று 60 பாகைச் சரிவில் ஒரு மரையை வைத்துக்கொண்டார்கள்; பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 சுற்று. மோட்டார் சைக்கிள், சைக்கிளின் வயிற்றில் பிறந்த பிள்ளை. ஆகையால் அதற்கும் அந்தச் சொத்து வந்து சேர்ந்தது. எங்கள் 1964-ஆம் வருஷத்துப் புல்லட்டிலே இந்த வம்சங்களெல்லாம் கலந்து குடித்தனம் செய்கின்றன.

இதனால் நேரும் விபரீதத்தைக் கேளுங்கள். தெருக்கோடிக் கடையில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர்ப் போல்ட்டும், பழைய 5/16 அங்குலப் போல்ட்டும் பருமனில் ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசம் ஒரு மயிரிழை. ஆனால் ஒன்றில் அங்குலத்துக்குச் சுமார் 20 மரை. மற்றதில் சைக்கிள் மரையானால் 26. முதல் இரண்டு சுற்று இனிமையாக ஏறும். மூன்றாவது சுற்றில் முரண்டு பிடிக்கும். அங்கே கைப்பலத்தைக் காட்டினால் அலுமினிய உறையின் மரை உதிர்ந்து கையோடு வந்துவிடும்.

இதைவிடக் கள்ளத்தனமானது கால் அங்குலத் திருகு. நெருக்க மரையிலும் சைக்கிள் மரையிலும் அதற்கு அங்குலத்துக்கு 26 சுற்றுத்தான். எண்ணிப் பார்த்தால் சரியாகவே இருக்கும். சரிவு மட்டும் ஒன்றில் 55, மற்றதில் 60. ஒன்றில் மற்றொன்று ஏறியும் விடும். ஆனால் மரைகள் முழுதும் ஒட்டி உட்கார்வதில்லை. யந்திரத்தின் ஆட்டத்தில் என்றைக்கோ ஒரு நாள் அது சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுவிடும்.

ஸ்பேனரிலும் இதே தொல்லை. பழைய இங்கிலீஷ் ஸ்பேனரில் எழுதியிருக்கும் எண், பிடிக்கும் வாயின் அகலம் அல்ல. போல்ட்டுத் தண்டின் பருமன். இந்தக் கால 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அந்தத் தலையில் ஏறாது. 14 மில்லிமீட்டர் லொடலொடவென்று சுற்றி மூலைகளை மழுக்கிவிடும். பையன் ஒரு மரை அளவுச் சீப்பும் பழைய ஸ்பேனர்களும் சம்பாதித்த பிறகே வேலை நகர்ந்தது.

புதுப்பேட்டைப் படலம்

சென்னையில் பழைய வண்டிச் சாமான் வேண்டுமானால் புதுப்பேட்டைக்குப் போக வேண்டும். சந்துக்குச் சந்து உடைத்த வண்டிகளின் அங்கங்கள் மலையாகக் கிடக்கின்றன. ஒரு கடையில் கதவுகள் மட்டும். இன்னொரு கடையில் விளக்குகள் மட்டும். புதுச் சாமான்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகள் இருக்கின்றன. சனிக்கிழமை தோறும் நாங்கள் இருவரும் நோட்டுப் புஸ்தகத்தோடு இந்த இரண்டு ஸ்தலங்களுக்கும் யாத்திரை போனோம்.

சில விஷயங்களைச் சீக்கிரமே கற்றுக்கொண்டோம். முதலாவது, காலையில் போக வேண்டும். வியாபாரம் சூடு பிடித்த பிறகு ஒற்றை வாசர் கேட்பவனை யாரும் மதிக்கமாட்டார்கள். இரண்டாவது, மாதிரி கையில் இருக்க வேண்டும். மூன்றாவது, வயதான கடைக்காரரைத் தேட வேண்டும். இளைஞர்கள் "அதெல்லாம் இப்போது வருவதில்லை" என்பார்கள். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைப் போட்டு ஏறி, மேல் தட்டிலுள்ள ஒரு மர இழுப்பறையை உருவுவார். எண்ணெய்த் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று வரும். நாற்பது வருஷம் அதற்காகவே காத்திருந்தது போல் வால்வு லாக் பளபளக்கும்.

போலிகளும் உண்டு. பிஸ்டனின் குறுக்கு ஊசி பழையது தேய்ந்து போனதால் புதிதாக ஒன்றை வாங்கினோம். வீட்டுக்கு வந்து அதன் ஓர் ஓரத்தில் அரத்தை வைத்தான் பையன். நன்றாகக் கெட்டிப்படுத்திய எஃகானால் அரம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இதிலோ வெண்ணெயில் கத்தி இறங்கியது போல் இறங்கிற்று. மேலே பளபளப்பு, உள்ளே வெறும் பச்சை இரும்பு. மறு சனிக்கிழமை வேறு ஒன்று வாங்கும்போது அரத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போனோம். கடைக்காரர் அரத்தைக் கண்டதும் புன்னகை புரிந்து, முன்னால் எடுத்து வைத்ததை உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்.

இங்கிலாந்திலும் இதே பைத்தியம் உண்டு என்று அறிந்து ஆறுதல் அடைந்தேன். பழைய மோட்டார் சைக்கிள் அபிமானிகள் அங்கே 1946-இலேயே ஒரு சங்கம் அமைத்துவிட்டார்கள். பியூலி என்ற ஊரில் 1967 முதல் பழைய உறுப்புகளுக்கென்றே ஒரு சந்தை கூடுகிறது. சீமைக் கனவான்கள் மழையில் நனைந்துகொண்டு துருப்பிடித்த ஆணிகளைக் கிளறுவார்களாம். ரெட்டிச்சில் பிறந்த பழைய புல்லட்டுக்கே இன்று பல உறுப்புகள் நம் நாட்டிலிருந்துதான் போகின்றன.

கடைசல் பட்டறையில்

மூன்று மாதத்தில் நாற்பத்து மூன்றில் முப்பத்தொன்று கிடைத்தன. மிச்சத்துக்கு அம்பத்தூர்ப் பக்கத்தில் ஒரு சிறு கடைசல் பட்டறையை அடைந்தோம். அங்கே ஒரு மேஸ்திரி இருந்தார். வயது எண்பதுக்கு அருகில். வாலிபத்தில் புல்லட் யந்திரங்களைப் பூட்டிக் கை தழும்பேறியவர். ஜாபிதாவை வாங்கிப் படித்துவிட்டு, சிலவற்றுக்கு நேரே கோடு போட்டார்.

"தம்பி! கோடு போட்டதெல்லாம் நான் கடைந்து தருகிறேன். மற்றது கிடைக்கிற வரையில் தேடு. கடைந்து போடக் கூடாது" என்றார்.

"ஏன், தாத்தா?"

"இடைவெளிக்குப் போடுகிற குழல், எண்ணெய் வடிக்கிற அடைப்பு, சைக்கிள் மரைப் போல்ட்டு, வெண்கலப் புஷ் இதெல்லாம் அளவு தெரிந்தால் போதும். இந்தக் கம்பி வளையம் இருக்கிறதே, இது அளவு மட்டும் அல்ல. வில் குணம் வேண்டும். கம்பியை வளைத்துப் போட்டுவிடலாம், உட்கார்ந்தும் விடும். ஓடுகிறபோது தெறித்தால் சிலிண்டர் சுவரை உழுதுவிடும். பழைய வளையத்தைக் கழற்றினால்கூட மறுபடி போடாதே. புதிதாகத்தான் போட வேண்டும்."

செம்பு வாசருக்கு மட்டும் அவர் ஒரு சிக்கன வழி சொல்லிக் கொடுத்தார். பழைய வாசர் நசுங்கி இறுகிப் போயிருக்கும். அதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடியும் மெதுவாகிவிடும். இரும்புக்கு நேர்மாறான குணம்! அண்ணியின் சமையலறையில் அன்று சாயங்காலம் ஏழு வாசர்கள் காய்ந்தன. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

மேஸ்திரியின் கேள்வி

வைகாசிக் கடைசியில் நாற்பத்து மூன்றும் சேர்ந்தன. பையன் பத்து நாள் உட்கார்ந்து யந்திரத்தைப் பூட்டினான். மறு நாள் காலை உதைத்துக் கிளப்புவதென்று ஏற்பாடு. மேஸ்திரியையும் அழைத்திருந்தோம். அவர் முந்தின நாளே வந்து யந்திரத்தைச் சுற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், திருப்தியோடு தலையசைத்தார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்:

"தக்கை புதிதுதானே போட்டாய்?"

"எந்தத் தக்கை, தாத்தா?"

மேஸ்திரி செருப்பைக் கழற்றினார். "மூடியைத் திற" என்றார்.

வலப்பக்கத்து உறை மூடியைத் திறந்தார்கள். கரையான் தின்ற ஏட்டில் இருந்தது அந்த மூடியின் சித்திரந்தான். மூடியின் உட்புறத்தில், கிராங்கின் நுனிக்கு எதிரே, ஒரு சிறு பள்ளம். அது காலியாக இருந்தது.

அந்த யந்திரத்தில் எண்ணெய் ஓடும் வழியை மேஸ்திரி விளக்கினார். புல்லட்டில் எண்ணெய்க்குத் தனிப் பெட்டி கிடையாது. கிராங்க் உறையிலேயே ஓர் அறை வார்த்திருக்கிறது. கிராங்கின் நுனியிலுள்ள திருகு போன்ற பல் இரண்டு பம்புகளை ஓட்டுகிறது. ஒன்று எண்ணெயை அனுப்புகிறது; மற்றது திருப்பிக் கொண்டு வருகிறது. அனுப்பும் எண்ணெய் வடிகட்டியைக் கடந்து, மூடியின் வழியாக வந்து, கிராங்கின் நுனியிலுள்ள துவாரத்தில் புகுந்து, இணைப்புத் தண்டின் அடியிலுள்ள பெரிய தாங்கிக்குப் போக வேண்டும். யந்திரத்தில் அதிகச் சுமை தாங்கும் இடம் அது. மூடியோ அசையாமல் நிற்பது, கிராங்கோ சுழல்வது. அசையாததிலிருந்து சுழல்வதற்கு எண்ணெய் சிந்தாமல் தாவ வேண்டுமே! அந்தச் சந்திப்பில் இருப்பதுதான் தக்கை வளையம். சுண்டு விரல் நுனியளவு. பள்ளத்துக்கு வெளியே சிறிது நீட்டிக்கொண்டிருந்து, மூடியை இறுக்கும்போது நசுங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் பம்பு எண்ணெயை இறைத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் எண்ணெய் தாங்கிக்குப் போகாமல், எளிதான வழியில் மூடிக்குள்ளேயே வழிந்துவிடும்.

"கிளப்பினால் நன்றாகத்தான் கிளம்பும். சத்தமும் இனிமையாக இருக்கும். கொஞ்ச தூரம் ஓடும். அப்புறம் தாங்கி காய்ந்து, 'கட, கட'வென்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான்" என்றார் மேஸ்திரி.

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த 'கட, கட' சத்தத்தைக் கேட்டவர்களில் உயிரோடு இருப்பவர்கள் நாங்கள் இருவருந்தான்.

"அந்தத் தடவை கெட்டுப் போவதற்கு ஒரு மாதம் முன்னால், எண்ணெய் ஒழுகுகிறதென்று யாரோ அந்தப் பக்கத்து மூடியைத் திறந்து மூடினார்கள்" என்றாள் அண்ணி.

மேஸ்திரி பதில் பேசவில்லை. பையன் பழைய தாங்கியின் வெள்ளை உலோகம் உருகித் தேய்ந்திருந்ததை முதல் நாளே எங்களுக்குக் காட்டியிருந்தான். எண்ணெய் கிடைக்காமல் போனதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. யாரோ ஒருவர் மூடியைத் திறந்தபோது நைந்த தக்கையை அழுக்கென்று துடைத்து எறிந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருஷம் ஓடிய வண்டி, ஒரு தக்கைத் துண்டு இல்லாமல் சாக்கு மூட்டைக்குள் போயிற்று. நாங்களும் அதே தவற்றைச் செய்து, அதே சத்தத்தை அதே வாசலில் மறுபடி கேட்கவிருந்தோம்.

மறு நாள் காலை கடை திறக்கும்போதே புதுப்பேட்டையில் நின்றோம். தக்கைக்குப் பதிலாக இப்போது செயற்கை ரப்பரிலும் செய்கிறார்கள். இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கினோம். நாற்பத்து நான்காவது உருப்படி அது. விலை, நாங்கள் அங்கே குடித்த காபிக்குக் கீழே.

சத்தம்

தக்கையை எண்ணெயில் ஊற வைத்துப் பொருத்தினார்கள். வடிகட்டி அறையை எண்ணெயால் நிரப்பினார்கள். காலிக் குழாயோடு கிளப்பினால் முதல் சில விநாடிகள் தாங்கி வறண்டு சுற்றும் அல்லவா?

மாலை ஐந்து மணி. பையன் சிலிண்டர்த் தலையிலுள்ள காற்றுப் போக்கி வால்வைத் திறக்கும் நெம்பைப் பிடித்துக்கொண்டு, மின்சார முள்ளைப் பார்த்தபடி மெல்ல மிதித்து, பிஸ்டனைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்தான். முதல் உதை, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒரு பெருமூச்சு. ஆறாவது உதையில் புகை கக்கியது. பிறகு நிதானமாக, 'டக்... டக்... டக்...'

மேஸ்திரி தலைக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் மூட்டைச் சிறிது தளர்த்தினார். எண்ணெய் கசிந்தது. இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

வாசற்படியைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணியைக் காணோம். உள்ளே போய்ப் பார்த்தால், அடுப்பில் காபிக்கு வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

மிஞ்சிய திருகு

இத்துடன் கதையை முடித்துவிடலாம். ஆனால் எல்லாம் பூட்டிய பிறகு தரையில் விரித்த பத்திரிகையின்மேல் ஒரு மிகச் சிறிய திருகு மிஞ்சியது. யந்திரம் பூட்டியவர்களுக்குத் தெரியும், ஒன்று குறைந்தாலாவது தேடலாம். ஒன்று மிஞ்சினால் தூக்கம் வராது. பையன் உறுப்புப் புஸ்தகத்தை முதலிலிருந்து கடைசி வரையில் மூன்று தடவை புரட்டினான். மரையை அளந்தான். எந்த வம்சத்திலும் சேரவில்லை. மேஸ்திரியும் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நம் வண்டியுடையது அல்ல" என்றார்.

காபித் தம்ளர்களை எடுக்க வந்த அண்ணி குனிந்து பார்த்தாள்.

"அட! இது என் தையல் மிஷினுடைய திருகு. பாபின் பெட்டியில் இருந்தது. இது தொலைந்துதான் கீழ் நூல் நிற்காமல் போயிற்று" என்றாள்.

அந்தத் தையல் மிஷின், அது வரையில், பழைய இரும்புக்காரருக்கு என்று ஒதுக்கிய சாமான்களோடு மூலையில் கிடந்தது. அன்றிரவே அது நல்ல சாமான்கள் இருந்த பக்கத்துக்கு இடம் மாறிற்று.

வீட்டில் எதைப் பிரித்தாலும், நேயர்களே, சிறு உருப்படிகளை ஒரு துணிப் பையில் போட்டு, எதனுடையது என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள். படம் மாட்டுவதற்கு ஆணி வேண்டுமானால் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.